லேடீஸ் சைடு வீடியோ

“மிஷின்ல குந்தி வேலை செய்யப்போறது அந்தம்மா. நடுவுல நடுவுல பூந்து நீ இன்னாத்துக்கு நைனா பதில் சொல்லிகினு கீற?”

கடைக்கு வந்தவர்களிடம் எரிந்து விழுகிற ஆளில்லை உபைதுல்லா. ராயபுரத்தில் கம்ப்யூட்டர் கடை போட்டு இருபது வருஷமாகிறது. வாங்க வருகிறவர் என்ன உளறினாலும் சிரித்துக்கொண்டே கேட்பார். ஆனால் பெண்டாட்டியைப் பேச விடாத புருஷனைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது.

கமால் அசடு வழிந்தான். பக்கத்தில் அவன் மனைவி சாபிரா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

டோல்கேட் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிற ஜோடி அது. ஆண்கள் பக்கம் அவன், பெண்கள் பக்கம் அவள். பெண்கள் பக்கத்தை எடுப்பதோடு, வீட்டிலேயே உட்கார்ந்து அதை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து முடித்துக் கொடுப்பதும் சாபிராதான். அந்நிய ஆண் கண்ணில் ஒரு காட்சிகூடப் படாது என்ற நம்பிக்கையில் வண்ணாரப்பேட்டைவரை அவர்களுக்குத்தான் கிராக்கி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உபைதுல்லாவின் இளைய மகள் ஷாஸியாவுக்கு நிக்காஹ். இந்த நேரம் பார்த்தா சாபிரா வீட்டுக் கம்ப்யூட்டர் மண்டையைப் போட வேண்டும்? ‘லேடீஸ் சைடு வெளி ஸ்டுடியோவுக்குப் போவுதுன்னா கேமராவே வேணாம்’ என்று உபைதுல்லாவின் மனைவி அஜீசுன்னிசா கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால்தான் நாற்பத்தைந்தாயிரத்துக்குள் நல்ல எடிட்டிங் மிஷினாகத் தானே பூட்டித் தருவதாக இவர்களைக் கூப்பிட்டனுப்பினார்.

“நீ சொல்லும்மா, ரேம் பதினாறு போதுமா?”

“பத்தாது பாய்,” என்றான் கமால். “ரெண்டு கேமரா வீடியோவ ஒண்ணா ஓட்டுனா திக்கும், முப்பத்திரெண்டா போடுங்க. கிராஃபிக்ஸ் கார்டு இப்ப வேணாம், பிராசசர்ல கீறதே போதும். கலர் லைட்டு எரியற கேபினெட்டும் வேணாம். அந்தத் துட்டுக்கு வீடியோல்லாம் சேத்து வைக்கிற எஸ்எஸ்டிய பெருசா வாங்கிக்கலாம்.”

சொன்னதில் ஒரு குற்றம் காண முடியவில்லை. அதுவே உபைதுல்லாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவள் சொல்லிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து இங்கே பெருமைக்கு ஒப்பிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று மானிட்டர்களை வரிசையாக வைத்தார். “இதுல உன் கண்ணுக்கு எதும்மா இதமா கீது?”

சாபிரா மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். “துணி போட்டுத் தொடைக்க இதான் சுளுவா இருக்கும் பாய்,” என்று ஓரத்தில் இருந்ததைக் காட்டினாள்.

“அதுல செவப்பு தூக்கலா கீது. நடுவுல கீறத எடுங்க,” என்றான் கமால்.

உபைதுல்லாவுக்கு வயிறு எரிந்தது. மூத்தவள் ஃபிர்தௌஸ் கல்யாண வீடியோவை அவ்வளவு அழகாகச் செய்து கொடுத்தவளாயிற்றே! மருதாணி இரவில் சொந்தக்காரப் பெண்கள் ஒருத்தி விடாமல் ஆடியதும் பாடியதும் அதில் இருக்கிறதாம். அவர் பார்த்ததில்லை. முக்காடில்லாமல் இருக்கும் ஊரார் வீட்டுப் பெண்களைத் தான்கூடப் பார்க்கக் கூடாது என்று பென்டிரைவை அப்படியே மனைவி கையில் கொடுத்தவர் அவர். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரியைத் துணி போட்டுத் துடைக்கிற அளவுக்கு அடக்கி வைத்திருக்கிறானே இந்தப் பாவி!

மிஷின் தயாரானதும் கமால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போனான்.

“யோவ், நவுரு. போய் ஆட்டோ புட்சிகினு வா. அந்தம்மா ஓட்டிப் பாக்கட்டும்.”

“அதுக்கு இன்னா பாய் அவசரம்? வூட்ல போயி மெதுவா...”

“போன்னு சொல்றேன்ல?”

கமால் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியிறங்கினான். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தெருவைக் கடந்து போனான்.

உபைதுல்லாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. அவளுக்காக நாற்காலியைத் திருப்பி வைத்தார். “இனி ஒருத்தனும் குறுக்க வரமாட்டான். உன் இஷ்டத்துக்கு ஓட்டிப் பாரும்மா. என் சின்னப் பொண்ணு மானமும் இனிமே உன் கையிலதான் கீது.”

சாபிரா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். வலது கையை மேசைமேல் வைத்தாள். அதை எடுத்துவிட்டு இடது கையை வைத்தாள். வாசலைத் திரும்பிப் பார்த்தாள், கமாலைக் காணோம்.

“பாய்,” என்றாள் மெல்ல. “இந்த மவுஸ எந்தக் கையில புடிக்கணும்?”