முப்பத்தாறாவது படம்

“இது யாரு டீச்சர்? தங்கதுரையா, செல்லமுத்தா? நல்லாப் பாத்து சொல்லுங்க.”

இன்ஸ்பெக்டர் மேசைமேல் படத்தை மார்கரெட் டீச்சர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவள் எடுத்த படம்தான் அது. கல்வராயன் மலைக்குப் போகிற சாலையோரம் பூ ஈக்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். இடஒதுக்கீட்டு மறியலின் முதல் நாள். ரோலில் ஒரே ஒரு படம் மிச்சமிருந்தது. எதிரே புளியமரத்தைச் சாய்த்துக்கொண்டிருந்த கூட்டத்தை நோக்கி, ரோல் முடியட்டும் என்று ஒரு தடவை அமுக்கிவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டாள்.

அவள் போன பிறகு அதே இடத்தில் ஒரு ஏட்டின் தோளில் கோடாரி இறங்கியது. கழுவக் கொடுத்த ஸ்டூடியோவிலிருந்து படம் நேராகப் போலீசுக்குப் போய்விட்டது.

படத்தில் கோடாரி ஒன்றே ஒன்றுதான். ஒருவன் அதை ஒற்றைக் கையால் தலைக்குமேல் தூக்கியிருந்தான். தூக்கிய கை பாதி முகத்தை மறைத்தது. மீதிப் பாதி முகம் அந்த ஊரில் இரண்டு பேருக்கு இருந்தது.

இரட்டைப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றும் சாலம்மாள் பெற்றவர்கள். இருவருமே மார்கரெட்டிடம் பத்தாவது படித்தவர்கள். இப்போது சட்டையில்லாமல் சுவரோரம் குந்தியிருந்தார்கள். இருவரும் ‘நான் இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“ஒருத்தனக் காட்டுங்க, இன்னொருத்தன இப்பவே வுட்டுர்றேன். இல்லன்னா ரெண்டு பேரும் உள்ள போக வேண்டியதுதான்.”

ஸ்டேஷன் வாசலில் வைத்துச் சாலம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதும் அதுதான்.

“என்னியப் பாக்கச் சொல்றாங்க, நான் மாட்டேன்னுட்டேன். பெத்தவ வாயால வருமா அது? நீங்க ஈயவே பிரிச்சி சொல்றவங்க. ஒரு புள்ளயாவது என்கூட வூட்டுக்கு வரட்டும் டீச்சர்.”

ஈயைப் பிரித்துச் சொல்வது உண்மைதான். பூவில் உட்கார்ந்தால் தேனீ என்று நினைத்துக் குழந்தைகள் ஓடும். ஆனால் கொட்டத் தெரியாத ஈ. அதில் இரண்டு வகை, ஒரே அச்சில் வார்த்தது போல. பின்னங்காலின் தொடை முழுக்க மஞ்சளா, நுனியில் கறுப்பா, அவ்வளவுதான் வித்தியாசம். பத்து வருஷமாகப் படங்களை லென்சு வைத்துப் பார்த்துப் பிரித்து வருகிறாள். கால் சரியாக விழாத படம் என்றால் பின்னால் ‘சொல்ல இயலாது’ என்று எழுதி ஒதுக்கிவிடுவாள்.

இங்கே அப்படிச் சொன்னால் இரண்டு பேரும் போய்விடுவார்கள்.

பையிலிருந்து லென்சை எடுத்தாள். காது. கழுத்து. தோள்பட்டை. ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு கையைப் பார்த்தாள்.

கோடாரி வலது கையில் இருந்தது.

தங்கதுரை இடது கைக்காரன். எழுத்து, சோறு, கல்லெறிவது, எல்லாமே இடது கைதான். வகுப்பில் எழுதும்போது அவன் முழங்கை பக்கத்துப் பையனை இடிக்கும் என்று அவனைப் பெஞ்சின் ஓரமாக உட்காரவைத்தவளே அவள்தான்.

“செல்லமுத்து” என்றாள்.

தங்கதுரை ஓவென்று அழுதான். அண்ணன்மேல் இத்தனை பாசமா என்று நினைத்தாள். அரை மணி நேரம் மூத்தவனான செல்லமுத்து அழவில்லை, மறுக்கவுமில்லை. தம்பியை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ஒத்துக்கொண்டுவிட்டான் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்தவள், மனம் எதிலும் நிலைக்காமல், ஸ்டூடியோவிலிருந்து வாங்கிவந்த மிச்சப் படங்களை எடுத்துப் பரப்பிக்கொண்டாள்.

முப்பத்து நான்காவது படத்தில் ஈ ஒரு மைல்கல்லின்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கால் நன்றாக விழுந்திருந்தது. தொடையில் கறுப்பு இல்லை. வகையை எழுதப் பேனாவைத் திறந்தாள்.

ஈயின் காலுக்குக் கீழே கல்லில் எழுதியிருந்த 7 மறுபக்கம் பார்த்து நின்றது.

நெகட்டிவைப் புரட்டிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். கோடாரிப் படமும் அதே நெகட்டிவ் துண்டில் இருந்ததுதான். அப்படியானால் கோடாரி இருந்தது இடது கையில். ஈக்கு இடமும் வலமும் ஒன்று. பத்து வருஷத்தில் எத்தனை படம் இப்படிப் புரண்டு வந்ததோ, அவள் கண்ணில் பட்டதேயில்லை.

சேலை செயினில் சிக்கிக் கிழிந்ததுகூடத் தெரியாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தாள்.

இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். அந்த மைல்கல் படத்தையும் வாங்கிப் பார்த்தார்.

“நீங்க சொல்றது சரிதான் டீச்சர். ஆனா இனிமே படம் எதுக்கு? காலையில அவனே ஒத்துக்கினான். எழுதி வாங்கியாச்சி.”

கம்பிக்குப் பின்னால் செல்லமுத்து எழுந்து வந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அவள் வாயைத் திறக்குமுன் அவனே மெதுவாகச் சொன்னான்.

“தம்பிதான்னு எங்கம்மாவுக்குத் தெரிய வேணாம் டீச்சர். தெரிஞ்சா அது யாருக்குன்னு அழுவும்?”