முத்திரை உடையாத பெட்டி

குணலட்சுமியின் பிஸ்கற் பேணிக்குள் எஞ்சியிருந்தவை ஒரு நெருப்புப்பெட்டியும், பற்றறி இல்லாத ஒரு ரோச் லைற்றும் மட்டுமே.

"இவ்வளவுதானோ?" என்று கேட்டார் இராசநாயகம்.

அவர் இளைப்பாறிய தபாலதிபர். கொக்குவிலில் அந்த ஒழுங்கையின் அவசரகால ஆயத்தக் குழுவுக்குத் தலைவர். வெள்ளமோ புயலோ வந்தால், மூன்று நாளைக்கு எவரையும் எதிர்பாராமல் ஒவ்வொரு குடும்பமும் சமாளிக்க வேண்டும்; அதற்காக வாரம் ஒரு சோடாப் போத்தலின் விலையை மிச்சம்பிடித்து, பழைய தகரப் பேணி ஒன்றிலாவது பொருள் சேர்க்க வேண்டும் என்று வாசிகசாலையில் ஒன்றரை மணித்தியாலம் உரையாற்றியவர்.

அந்த அவசரகாலப் பெட்டி நிறைந்த வீட்டுக்கு ஒரு சோலர் விளக்கு பரிசு. வந்த பத்து விளக்குகளில் ஒன்பது கொடுபட்டுவிட்டன. இனிப் பார்வையிட வேண்டிய வீடுகள் இரண்டு: இது ஒன்று, மதிலுக்கு அப்பால் உள்ள தலைவரின் வீடு மற்றது.

"நிறைஞ்சுதான் ஐயா இருந்தது," என்றாள் குணலட்சுமி. "போன கிழமை மழைக்கு மூண்டு நாள் கறண்ட் இல்லைத்தானே. முடிஞ்சு போச்சு."

"பன்ரண்டு மெழுகுதிரியுமோ?"

"ஓம் ஐயா."

"பால்மா?"

"அதுவும்தான்."

"நீரும் மகளுமாய் ரெண்டே ரெண்டு பேர். மூண்டு நாளிலை ஒரு பைக்கற் பால்மா. கலியாண வீடு ஏதும் நடத்தினனீரோ?"

குணலட்சுமி, குழுச் செயலாளர் றஜிதா கையில் வைத்திருந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். விடிய நாலு மணிக்கு எழும்பி, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துச் சீவிப்பவள் அவள். கறண்ட் நின்ற நாட்களில் ரோச்சை வாயில் கடித்துக்கொண்டுதான் இடியப்பம் பிழிவாள்.

"எங்கடை வீட்டிலையும் அந்த மூண்டு நாள் கறண்ட் இல்லை," என்று தொடர்ந்தார் இராசநாயகம். "என்ரை பெட்டியிலை ஒரு நெருப்புக்குச்சி குறைஞ்சதோ எண்டு வந்து பாரும். சனம் கஷ்டப்படுறது காசு இல்லாததாலை இல்லை. கட்டுப்பாடு இல்லாததாலை."

"அது சரிதான் ஐயா."

"பிள்ளை, தேறவில்லை எண்டு போடும்."

றஜிதா பேனையைத் திறக்கத் தயங்கினாள். "பாவம் ஐயா. அடுத்த மழைக்கு முன்னம் நிரப்பிப்போடுவா."

"பாவம் பாக்கிறதுக்குப் படிவத்திலை இடம் இல்லை."

றஜிதா எழுதினாள். இருவரும் படலையைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

இராசநாயகத்தின் பெட்டி முன்னறைக் கண்ணாடி அலுமாரிக்குள், வெள்ளைத் துணியின் மேல் வீற்றிருந்தது. மூடியில், உள்ளிருக்கும் பொருட்களின் பட்டியல். நான்கு மூலைகளிலும் சிவப்பு அரக்கு உருக்கி, பழைய உத்தியோகத்தின் ஞாபகமாகத் தம் கையாலேயே முத்திரை குத்தியிருந்தார். தமது வீட்டுப் படிவத்தையும் அவரே முதல்நாள் நிரப்பி வைத்திருந்தார்.

"படம் எடும், பிள்ளை. முத்திரை நாலும் தெரியவேணும். எடுத்துப்போட்டு அந்த விளக்கைப் பெட்டிக்குப் பக்கத்திலை வையும். நாளைக்குச் சனம் பாத்துப் பழகட்டும்."

றஜிதா படம் எடுத்து முடிக்க, அவருடைய மனைவி உதயகலா தேத்தண்ணியோடு வந்தார்.

"ஒரு முத்திரை கூட உடையேல்லையே," என்றாள் றஜிதா. "அப்ப மூண்டு நாளும் இருட்டுக்கையோ அன்ரி இருந்தனீங்கள்?"

"ஆர் சொன்னது? ஐயாவின்ரை மேசையிலை மட்டும் ரெண்டு திரி நிண்டு எரிஞ்சது. 'எவரையும் எதிர்பாராதே' எண்டு கட்டுரை எழுதினவர். எழுத எழுதப் பால் தேத்தண்ணி வேறை."

"அதெல்லாம் எங்காலை?"

"அரக்கை உடைச்சால் மனிசன் என்ரை உயிரை எடுத்துப்போடும். நான் மதிலுக்கு மேலாலை கையை நீட்டினன். அங்காலை குணலட்சுமியின்ரை பேணி திறந்து கிடந்தது. ரோச்சுக்குள்ளை கிடந்த பற்றறியையும் அவதான் கழட்டித் தந்தவ."

இராசநாயகத்தின் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"இதை நீர் எனக்குச் சொல்லேல்லையே."

"திரி எங்காலை எண்டு நீங்கள் ஒரு நாளாவது கேட்டனீங்களோ?"

"அவவாவது இப்ப சொல்லியிருக்கலாம்."

"உங்களுக்கு முன்னாலை என்னைக் காட்டிக்குடுப்பாவோ?"

இராசநாயகம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சரி, வாங்கினதைத் திருப்பிக் குடுத்தால் போச்சு. எண்டாலும் விதி விதிதான். முழுசாய் இருக்கிற பெட்டி இதுதானே. விளக்கை வையும், பிள்ளை."

றஜிதா விளக்கைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

உதயகலா தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, கணவரின் படிவத்தை எடுத்து, எட்டப் பிடித்து, ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"பிள்ளை, 'பெட்டி இருக்குமிடம்' எண்ட கட்டத்திலை ஐயா பிழையாய் எழுதிப்போட்டார். 'முன்னறை, கண்ணாடி அலுமாரி' எண்டதை வெட்டிப்போட்டுப் 'பக்கத்து வீடு' எண்டு எழுதும். எழுதிப்போட்டு, விளக்கைப் பெட்டி இருக்கிற வீட்டிலையே குடுத்துவிடும்."