சுவரைப் பார்த்து ஒரு தீர்க்கதரிசனம்

“திரும்பாத. திரும்பினே, இன்னியோட உன் கத முடிஞ்சிது.”

முதுகுக்குப் பின்னால் வந்த குரலுக்குச் சாலமோன் அசையவில்லை. கண்ணை இறுக மூடி, மூக்கு இடிக்கிற தூரத்தில் சுவரைப் பார்த்துச் சப்பணம் போட்டிருந்தான். கழுத்தில் வியர்வை இறங்கியது.

குரல் பாஸ்டர் யேசுதாஸுடையது. எளாவூருக்குத் தெற்கே, ஜி.என்.டி. ரோட்டோரத் தகரக் கொட்டாய்ச் சபையில், தீர்க்கதரிசனம் சொல்ல ஆட்களைப் பழக்குகிறவர்; வெளியூர்க் கூட்டங்களுக்கும் போய்ப் பிரசங்கம் பண்ணுகிறவர். பழகுகிறவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். பின்னால் நாற்காலியில் ஒருவர் வந்து உட்காருவார். அவர் யாரென்று தெரியாமலே, கர்த்தர் அவருக்கு என்ன சொல்கிறாரோ அதைச் சொல்ல வேண்டும். முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் பக்கத்துக் கதவு வழியாக வெளியே போய்விட வேண்டும்.

“மூஞ்சியப் பாத்துச் சொன்னா அது ஜோசியம்,” என்பார் பாஸ்டர்.

கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த இரும்பு ஆலையில் கம்பி சுமக்கிறவன் சாலமோன். இதுவரை உட்கார்ந்தபோதெல்லாம் தேறவில்லை. இன்று தேறினால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து பேசலாம். “இன்னிக்கும் இல்லன்னா நீ பாட்டுக்காரங்களோட டிரம் அடிக்கப் போயிடு, நைனா,” என்று பாஸ்டர் வந்ததுமே சொல்லிவிட்டார். ஆலையில் மேஸ்திரி தேசப்பன் வேறு, “இன்னா தீர்க்கதரிசி, நாளைக்கு லோடு வருமா, வராதா?” என்று தினமும் நோண்டுகிறார்.

நாற்காலி கிறீச்சிட்டது. ஆள் உட்கார்ந்தாயிற்று.

“ம், சொல்லு,” என்றார் பாஸ்டர். எப்போதும் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே பேசுகிறவர், இன்று ஒரே இடத்திலிருந்து பேசினார்.

உள்ளே வரும்போது வாசலில் ஒரு லாரி நிற்பதைச் சாலமோன் கவனித்திருந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான். “மகனே, உனக்கு முன்பாக நீண்ட பாதையைக் காண்கிறேன். சுழலும் சக்கரங்களைக் காண்கிறேன்...”

“இது கர்த்தர் காட்னதா, வாசல்ல நிக்கிற லாரி காட்னதா?”

சாலமோனுக்குக் காது சூடானது. சபையை ஒட்டின அடுப்படியில் பாஸ்டரம்மா எஸ்தர் ஒரு பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

இந்த முறை அவன் எதையும் கணக்குப் போடவில்லை. வாயை மூடிக்கொண்டு நிஜமாகவே ஜெபம் பண்ணினான். கொஞ்ச நேரத்தில் மனசுக்குள் ஒன்று வந்து நின்றது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை. லாரிக்காரன் முரடனாக இருந்தால் முதுகிலேயே அடி விழும்.

“சொல்றதுக்கு பயமா இருக்குது, அய்யா.”

“ஒத வாங்குனாலும் சொல்றதுதான் இந்த வேல. சொல்லு.”

சாலமோன் வேதாகமத் தமிழை விட்டுவிட்டான். “நீ ஊர் ஊராப் போற ஆளு. போற எடத்துல எல்லாம் சிரிச்சிப் பேசற, ஊட்டுக்காரிகிட்ட மட்டும் எரிஞ்சி உழற. இன்னிக்கிக் காத்தால நாஷ்டாத் தட்டத் தள்ளி உட்டுட்டு எழுந்துட்ட. போயி மன்னிப்புக் கேளு. கர்த்தர் அந்தம்மா பக்கம்தான் நிக்கிறாரு.”

பின்னால் நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. ரோட்டில் ஒரு பஸ் போய் அடங்கியது.

“இல்ல,” என்றார் பாஸ்டர். குரல் கரகரத்தது. “வேற பாரு.”

பார்த்தான். “அதேதான் அய்யா வருது.”

“நல்லாப் பாரு. தட்டத் தள்னது அவனா, அவளா?”

“அவன்தான்.”

“அவ இன்னா பேசினாள்னு கேட்டியா?”

“அது வரல, அய்யா. இல்லாதத நான் சேத்துச் சொல்ல மாட்டேன்.”

“நீ போ.”

சாலமோன் எழுந்து, திரும்பாமல் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்தான். அவனைப்போலவே பழகுகிறவளும், அவனுக்கு முன்னால் உள்ளே போய் வந்தவளுமான சித்தாள் சந்திரகலா, செங்கல் குவியல்மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“உன்னயும் தொரத்திட்டாரா?” என்றாள்.

“வேற பாரு, வேற பாருன்னாரு. வந்தாத்தான பாக்கறதுக்கு? உனக்கு இன்னா வந்துச்சு?”

“ஊட்டுக்காரிகிட்ட மன்னிப்புக் கேளுன்னு வந்துச்சு. சொன்னேன். நீ போன்னுட்டாரு.”

சாலமோன் அவளை வெறித்துப் பார்த்தான். “எனக்கும் அதாண்டி வந்துச்சு!”

இரண்டு பேரும் சேர்ந்து லாரிப் பக்கம் திரும்பினார்கள். டிரைவர் பனியனோடு குந்திக்கொண்டு டயரைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். சாலமோன் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் போனான்.

“அண்ணாத்த, தப்பா நெனச்சிக்காத. ஊட்ல அண்ணிகூட சண்டையா?”

“அண்ணியா? எனக்கு இன்னும் பொண்ணே பாக்கல. ஏம்பா வவுத்தெரிச்சலக் கெளப்புற?” டிரைவர் நெற்றியை வழித்து உதறினான். “காத்தாலேந்து இந்தப் பஞ்சரோட பேஜாரு. எடத்த உட்டு நவுரக்கூட முடில.”

சந்திரகலா தலையில் கை வைத்துக்கொண்டாள். “போச்சு! டிரம்மு உனக்கு, ஜால்ரா எனக்கு.”

அப்போது அடுப்படி ஜன்னல் வழியாகப் பாஸ்டர் குரல் வந்தது. இவர்கள் ஒரு நாளும் கேட்டிராத அளவுக்கு அது தணிந்திருந்தது.

“எஸ்தரு, என்ன மன்னிச்சிடும்மா... ரெண்டு பேருமே தேறிட்டாங்க.”