கம்ப்யூட்டர் அரைத்த மருந்து

மருந்து அரைபட்டு முடிந்துவிட்டது. மில் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை.

நானோ சார் நாற்காலியைத் தள்ளிச் சோம்பல் முறித்தார். வீட்டு மிக்ஸியைக்கூடத் தொட்டறியாத அவருக்கு, மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டருக்குள் அரைப்பதுதான் உத்தியோகம். மில்லில் மூன்று மணி நேரம் ஓட்டினால் பொடி எத்தனை நானோமீட்டருக்கு இறங்கும் என்று திரை முன்கூட்டியே சொல்லிவிடும். இன்று சொன்னது 182.

ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு மாற்றி எழுதினார் என்று நாளைக்கு ஒருத்தன் வாய் திறக்கக் கூடாதே! 182 என்று மட்டும் ஒரு சீட்டில் கொட்டையாக எழுதி, கையெழுத்தும் போட்டு, வழக்கம்போல் மில் கதவில் ஒட்டினார்.

"சார், நேத்து வீட்டுக்குப் போக ஒம்பது மணி ஆயிடுச்சு," என்றாள் மில் ஓட்டும் அக்கா. "முந்தாநாள் என்னடான்னா மத்தியானமே முடிஞ்சுபோச்சு."

"டியூட்டி டைமெல்லாம் மேனேஜர்கிட்ட பேசும்மா. நான் விஞ்ஞானி."

மறுநாள் காலை லேப் ரிசல்ட் வந்தது. 182. இத்தோடு பத்துக்குப் பத்து!

எம்.டி. அறைக்குள் நுழைந்தபோது நானோ சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. துணைத் தலைவர் பதவிக்கான உத்தரவு மேஜைமேல் தயாராகக் கிடந்தது. எம்.டி. பேனா மூடியையும் கழற்றிவிட்டார்.

"அப்போ, இனிமே மில்லுல ஓட்டிப் பாக்கவே வேணாம்ங்கிறீங்க?"

"எதுக்கு சார் தண்டமா? என் கம்ப்யூட்டர் சொன்னா சொன்னதுதான். பவுடரே அதுக்குப் பயந்து நடக்குது!"

பேனா காகிதத்தைத் தொடப் போனது. அந்த நேரம் பார்த்தா நானோ சாருக்குப் பெருந்தன்மை பொத்துக்கொண்டு வரவேண்டும்?

"அந்த மில்லு அம்மாவையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை பாராட்டிடுங்க சார். பாவம், ஏதோ அவங்களும் ஒத்தாசையா இருந்திருக்காங்க."

அக்கா வந்து கதவோரம் நின்றாள். எம்.டி. நிமிர்ந்தார்.

"பத்து தடவையும் ஒரு நானோகூடப் பிசகலையாமே. எப்படிம்மா இது?"

அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இதுல என்ன சார் இருக்கு? அளந்து அளந்து பாத்துக்கிட்டே இருப்பேன். சார் கேட்ட சைஸ் வந்ததும் நிறுத்திடுவேன்."