முறுக்குப் பக்குவம்

மலேசியாவின் கிள்ளான் நகரச் சனிக்கிழமைச் சந்தைக்கு மருமகள் தனத்தைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள் நாகம்மா.

"முறுக்குக்கார அக்கா! வாராவாரம் உங்ககிட்டதான் வாங்குறேன். இவ சுட்டா நாய்கூடத் திங்காது. பக்குவத்தச் சொல்லிக் கொடுங்க. தீபாவளிக்குள்ள கத்துக்கல, ஆத்தா வீட்டுக்கே அனுப்பிடுவேன்!"

சந்தையே வேடிக்கை பார்த்தது. தனம் தலை குனிந்துகொண்டாள்.

"நான் விக்கிறதோட சரி, ஆன்டி. சுடுறது வேற ஆளு."

"அந்த மகராசி யாரு? பேரச் சொல்லு லா!"

கடைக்காரி தயங்கினாள். பிறகு, முறுக்கு வந்த தூக்குவாளியைத் திருப்பிக் காட்டினாள். நாகம்மா வீட்டுப் பாத்திரம் அத்தனையிலும் இருப்பதுபோல அதிலும் பெயர் வெட்டியிருந்தது: 'பெ. நாகம்மா'.

தனம் நிமிர்ந்தாள்.

"வாளியக் கொடுங்கக்கா. அடுத்த வாரத்துக்கு வேணும்."