இந்த மெஷின் தாங்காது

“டாக்டர், கொஞ்சம் மெதுவா பேசுங்க. அக்கா காதுல விழுந்தா மனசு ஒடிஞ்சு போயிடுவாங்க.”

முதலாளி சொல்லிவிட்டு ஒரு முறை திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அக்கா தலைநிமிராமல் வேலையில் இருந்தார்.

“அப்ப என்னதான் செய்யணுங்கிறீங்க?” என்றார் டாக்டர்.

“தாங்காதுன்னு சொல்லிடுங்க.”

“யாரு, அக்காவா?”

“அட, மெஷினைச் சொல்றேன்! இந்தக் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு, புது ஓ.எஸ். போட்டாத் தாங்காதுன்னு அடிச்சுச் சொல்லிடுங்க.”

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவருக்கு அந்தத் தெருவில் டாக்டர் என்று பெயர் விழுந்து வெகு காலம் ஆகிறது. எந்தக் கடைக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் மூடியைக் கழற்றி, தூசியை ஊதி, எழுப்பி உட்கார வைத்துவிடுவார். அச்சகத்துக் கம்ப்யூட்டருக்குப் புது ஓ.எஸ். என்கிற இயங்குதளத்தைப் போட வருகிறேன், வருகிறேன் என்று போக்குக் காட்டி, ஒருவழியாக அன்றைக்குத்தான் வந்திருந்தார். புது ஓ.எஸ். அடங்கிய, உறை பிரிக்காத பென்டிரைவ் ஒன்று அவர் சட்டைப் பையில் எட்டிப் பார்த்தது.

“எனக்கொண்ணும் கஷ்டமில்லை,” என்றார் முதலாளி. “வீட்டு லேப்டாப்புல புதுசுதான் ஓட்டுறேன். அக்காவை நினைச்சாத்தான் யோசனையா இருக்கு. கீபோர்டை மாத்தினதுக்கே ரெண்டு நாள் என்கூடப் பேசலை. திரையில தெரியறதையே அடியோட மாத்தினா, ‘இனி என்னால ஆகாது தம்பி’ன்னு பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. டிசைன் மொத்தமும் அவங்க கையிலதான் இருக்கு.”

“பழசையே வெச்சுக்கிட்டா?”

“வர்ற ஃபைல்ல பாதி திறக்க மாட்டேங்குது. பள்ளிக்கூடத்து அச்சு வேலையும் கைநழுவிடுமோன்னு பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன். அதுக்காக அவங்களை விட முடியுமா?”

“விடுங்க சார், சொல்லிட்டாப் போச்சு,” என்றார் டாக்டர் உடனே. இளகிய மனசு அவருக்கு.

முதலாளி ஏதோ போன் பேசுகிற சாக்கில் வெளியிலேயே நின்றுகொண்டார். டாக்டர் உள்ளே போனதுதான் தாமதம், அக்கா தன் சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“டாக்டர், எனக்கு ஒரு உதவி செய்யணும். இந்த மெஷினுக்குப் புதுசு ஒத்துக்காதுன்னு சொல்லிடுங்களேன்.”

டாக்டருக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு, “ஏன்க்கா, கத்துக்கப் பயமா?” என்றார்.

“எனக்கா? ஞாயித்துக்கிழமை ஆனா என் மக லேப்டாப்புல புதுசுலதானே உட்கார்ந்திருக்கேன்! தம்பிக்குத்தான் வராது, பாவம். புது போன் வாங்கிட்டு, எடுக்கத் தெரியாம ஒரு வாரம் எல்லாரையும் கட் பண்ணிக்கிட்டே இருந்தார். என் முன்னாடி தடுமாறினா முகம் செத்துப்போயிடும். கடைக்கு முதலாளி இல்லையா?”

“பள்ளிக்கூட வேலை போயிடுச்சுன்னா?”

“அந்தக் கவலையும் இருக்குதான். அதுக்காக அவர் மூக்கை உடைக்கச் சொல்றீங்களா?”

“சரிக்கா, நான் பார்த்துக்கறேன்.”

முதலாளி உள்ளே வந்ததும் டாக்டர் மெஷினின் மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“இந்த மெஷின் தாங்காது. பழசே இருக்கட்டும்.”

“அடடா!” என்றார் முதலாளி. “நம்ம கொடுப்பினை அவ்வளவுதான்,” என்று அக்கா பெருமூச்சு விட்டார். வருத்தப்பட்ட இரண்டு முகங்களும் பளிச்சென்று இருந்தன.

டாக்டர் அவசரமாகப் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வந்து நின்றார். “ஆண்டு விழா அழைப்பிதழ் அனுப்பியிருக்கேன். ரெண்டே ரெண்டு திருத்தம். இன்னிக்கே அச்சடிச்சாகணும்.”

அக்கா ஃபைலைத் தட்டினார். திறக்கவில்லை. மறுபடியும் தட்டினார். திரை சிவப்பாக ஒரு பெருக்கல் குறியைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

“போன தடவையும் இதே கதைதான். எதிர்க்கடையில எல்லாமே திறக்குதாம். இனிமே அங்கேயே குடுத்துடறேன், தப்பா எடுத்துக்காதீங்க.” தலைமையாசிரியை கதவில் கை வைத்துவிட்டார்.

“டீச்சர், இருங்க!” என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“வீட்டுல என்கிட்ட புதுசு இருக்கு. அரை மணியில நானே திருத்திக் கொண்டாந்துடறேன்,” என்றார் முதலாளி.

“நீங்க எதுக்குத் தம்பி? என் மக லேப்டாப்புல நான் பத்தே நிமிஷத்துல முடிச்சுடுவேன்,” என்றார் அக்கா.

அப்புறம்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அக்கா, உங்களுக்குப் புதுசு வருமா?”

“உங்களுக்கு வருமா தம்பி?”

“நீங்க சங்கடப்படுவீங்களேன்னுதான்...”

“நல்லா இருக்கு போங்க, நானும் அதுக்குத்தானே!”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலாளிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஒன்றும் புரியாத தலைமையாசிரியை, “சரி, இந்த ஒரு தடவை பார்க்கிறேன்,” என்று உட்கார்ந்தார்.

“டாக்டர், நிஜத்தைச் சொல்லுங்க. மெஷின் தாங்கும்தானே?” என்று திரும்பினார் முதலாளி.

“அது... தாராளமாத் தாங்கும்.”

“அப்புறம் என்ன? இப்பவே போடுங்க புதுசை!”

டாக்டர் சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார். உறையை முன்னும் பின்னும் திருப்பினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

“எல்லாம் சரி... உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது இதைப் போடத் தெரியுமா?”