சுவரின் முனையில்

துறைமுகச் சுவரின் முனையருகே மேடிட்டிருந்த மணலில் தட்டிப் படகு கவிழ்ந்தபோது மற்றவர்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். சலேத்மேரியின் கணவன் பெர்க்மான்ஸ் மட்டும் வரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை.

சுவரை இன்னும் நீட்டிக் கட்டினால் அங்கே மணல் சேராது என்றார்கள். அதற்காக அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஒவ்வொரு பட்ஜெட்டின்போதும் ஊரோடு சேர்ந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். வேறு ஏதோ ஊருக்கு மீன் ஏலக்கூடம் வந்தது, கடல் ஆராய்ச்சிக்குப் புதுக் கப்பல் வந்தது. இந்த வருடம்தான் அவர்கள் ஊரின் பெயர் வாசிக்கப்பட்டது. தெருவெல்லாம் வெடி போட்டார்கள்.

வேலை தொடங்கும் நாளில் முதல் லாரிக்கு அவள்தான் கொடியசைக்க வேண்டும் என்று ஊர்க் கமிட்டி சொல்லிவிட்டது. கொடியைக் கையில் வாங்கியவள் என்ஜினீயரிடம் கேட்டாள்.

"மொதக் கல்லு எங்க சார் விழும்?"

அவர் கை நீட்டிக் காட்டினார்.

"கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா?"

"ஏம்மா, நீங்க கேட்ட இடந்தானே இது?"

"நாந்தான் கேட்டேன்." அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவிய இன்னும் அங்கதான கெடக்காவ, சார்."

பாறைகளைச் சுமந்துகொண்டு லாரி உறுமியபடி நின்றது. கடலுக்குப் போன பிள்ளைகள் அந்த மணல்மேட்டைத் தாண்டிக் கரைக்கு வரும் நேரம் அது. அவர்களுக்காகக் காத்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்தார்கள்.

சலேத்மேரி கொடியை உயர்த்தினாள்.

"மெதுவாப் போடச் சொல்லுங்க சார்" என்றாள்.